என் பெயரும் விற்பனையில் சேர்ந்துவிட்டது

நமக்குள் கைமாறிச் சுற்றும் கையெழுத்துப் பத்திரிகை இன்று மலையேறி என் கைக்கு வந்தது. சூட்டோடு சூடாக இதை எழுதிவிடுகிறேன்.

என் கணவர் எழுதிய பூதக் கதைகளின் நாடக உரிமையை, அவர் காலமானபின் அவருடைய அண்ணன் ஒரு நாடகக் கம்பெனிக்கு விற்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். அந்தக் கம்பெனி கோயில் திருவிழாவுக்காக எங்கள் மலை ஊரான வாழவந்தி நாட்டுக்கே வந்திருக்கிறது.

மத்தியானம் பலாமரத்தடியில் ஒத்திகை. பூத வேஷக்காரர் இளவரசியைப் பார்த்து, "ஏ மிளகு!" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது.

மிளகு என்பது என் கோபத்துக்காக என் கணவர் எனக்கு வைத்த பெயர். வீட்டுக்குள் மட்டும்தான் கூப்பிடுவார். கதையில் அதை இளவரசிக்குப் போட்டபோதே சண்டை பிடித்தேன். அவர் போனபின் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"ஏனுங்க, அதை இப்படிக் கத்தக் கூடாதுங்க. மெதுவாக் கூப்பிடோணும்" என்றேன்.

"உரிமை எங்களதுங்கம்மா. நாங்க எப்படி வேணும்னாலும் கூப்பிடுவோம்" என்றார் கம்பெனி முதலாளி.

பூத வேஷக்காரருக்கு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, "மிளகு" என்றார்.

"என்னங்க" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சேலை கட்டி இளவரசியாக நின்றவர் பணிவாகச் சொன்னார்: "அம்மா, அது நான் பேச வேண்டிய வசனமுங்க."

வாஸ்தவம்தான். நான் அவருக்குச் சொல்லும் பதிலையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

நாளை நாடகம். அவர் கூப்பிடும்போது நான் வாயைத் திறக்கக் கூடாதாம். அது எப்படி என்று தெரிந்தவர்கள் பக்க ஓரத்தில் எழுதுங்கள்.