ஜோன்ஸின் வண்டியில் கட்டிய வாழை

முத்தையாபுரத்தில் அந்த ஏற்றுமதிக் கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜோன்ஸை முகத்தால் தெரியாது, ஹாரனால் தெரியும். வாசல் வந்தால் ஒரு தடவை, மூலை திரும்பினால் ஒரு தடவை, ஆளே இல்லாத இடத்தில் சந்தேகத்துக்கு ஒரு தடவை. "ஒங்க ஊரு புன்னைக்காயல்ல கடலுக்குள்ளயும் ஹாரன் அடிச்சிட்டுத்தான் இறங்குவாவளோ?" என்று மூடை தைக்கும் இசக்கித்தாய் கேட்பாள். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவன் ஒரே ஒருமுறை ஹாரன் அடிக்காமல் திரும்பியதில் ஒரு லோடுமேனின் கால்விரல் இரண்டு போனது. அந்த மனுஷன் இன்றும் பஸ்ஸில் பார்த்தால் நகர்ந்து இடம் கொடுக்கிறார். அதுதான் ஜோன்ஸுக்குத் தாங்க முடியவில்லை.

எத்தனை சொன்னாலும் இங்கே எவரும் கேட்பதாக இல்லை. மஞ்சள் கோடு போட்டு நடைபாதை ஒதுக்கினால் அதில் சைக்கிளை நிறுத்தினார்கள். தூக்கி நிற்கும் சுமைக்கு அடியில் குனிந்து போனால் தண்ணீர்க் குழாய் பத்தடி கிட்டம் என்று கண்டுபிடித்தார்கள். பல்பு மாற்ற, ரெண்டே நிமிஷம், என்னை மேலே தூக்கிவிடு என்று வாரத்துக்கு ஒருவர் வந்து நின்றார். ஜோன்ஸ் டீ குடிக்கப் போனாலும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போவான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் வண்டியைப் பார்த்தவனுக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. முன்கம்பங்கள் இரண்டிலும் ஆளுயர வாழைக்கன்றுகள். நடுவில் மாவிலைத் தோரணம். பக்கக் கண்ணாடி முழுக்கச் சந்தனம். ஏறி உட்கார்ந்தால் எதிரே தோப்புதான் தெரிந்தது. வாசலில் கண்டெய்னர் காத்து நின்றது. மருந்துக்கான நிலாவரை இலையை இறுக்கிக் கட்டிய பேல்களை ஏற்றி மூன்று மணிக்குள் துறைமுகத்துக்குள் அனுப்பாவிட்டால் கப்பல் போய்விடும்.

அவிழ்க்கச் சொன்னான். முதலாளி வீட்டம்மா தன் கையால் கட்டியது, மூன்று நாள் தொடக்கூடாது என்றார் சூப்பர்வைசர் வன்னியபெருமாள். முன்னால் நின்று வழிகாட்ட ஓர் ஆளாவது வேண்டும் என்றான். லீவு நாளில் ஆளுக்கு எங்கே போவது என்றார். கிறிஸ்தவனான தானே அவிழ்த்தால், வேதக்காரன் சாமி வாழையில் கைவைத்தான் என்று பேச்சு வரும். ஓட்ட மாட்டேன் என்றான். அப்படியானால் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்றார் அவர்.

ஜோன்ஸ் சாவியை உருவிப் பையில் போட்டான்.

"அண்ணாச்சி, நீங்க ஏறி உக்காருங்க. முன்னால எத்தன பேரு நிக்காவன்னு பாத்துச் சொல்லுங்க. சரியாச் சொன்னா ஓட்டுதேன்."

அவர் ஏறினார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார்.

"ஒருத்தரும் இல்லலே."

"நா இங்கனதான நிக்கேன்" என்றது வாழைக்கு அந்தப்பக்கமிருந்து இசக்கித்தாயின் குரல்.

கிடங்கே சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியின் இரும்புக் கரங்களுக்கு நாலடி முன்னால் அவள் நின்றிருந்தாள். இடுப்பில் செருகியிருந்த சணல் அறுக்கும் கத்தியை எடுத்தாள்.

"சாமிக்கு வாசத் தூணுல கட்டுனாலும் போதும். எனக்குக் காலு ரெண்டுதான இருக்கு? வீட்டம்மா கேட்டாவன்னா என்னயச் சொல்லுங்க."

வாழை இரண்டும் வாசல் தூண்களுக்குப் போயின. ஜோன்ஸ் சந்தனத்தைத் துடைத்தான். சீக்கிரம் ஏற்றச் சொல்லிவிட்டு வன்னியபெருமாள் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தார்.

முதல் பேலைக் கண்டெய்னருக்கு நேராக உயர்த்தினான். எதிரே இப்போது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காலிக் குடத்தோடு இசக்கித்தாய், தூக்கிய பேலுக்கு அடியில் குனிந்து, குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜோன்ஸ் ஹாரனில் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.