புல்வெட்டும் வண்டியும் பிளாஸ்டிக் ஸ்டூலும்

இல்லாத ஒரு வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக நான் சொன்னது ஒரு காதுகுத்து விருந்தில், இலைக்கு இரண்டாம் முறை சாம்பார் வந்துகொண்டிருந்தபோது. குடித்துவிட்டு உளறினேன் என்றால்கூட ஊர் மன்னித்திருக்கும். எனக்கு அந்தப் பழக்கமும் கிடையாது. வெறும் சாம்பார் சாதத்தில் நிதானம் தவறிய ஆள் ஜெயங்கொண்டம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கு வலது பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவர் என் மனைவிக்குத் தூரத்து உறவில் தம்பி. முந்திரிக்காடுகளைக் குத்தகைக்கு எடுப்பது அவர் தொழில். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் என் மனைவிக்கு அவளுடைய அப்பா வைத்துவிட்டுப் போன முந்திரிக்காடு ஒன்று உண்டு. அவர் காலமானதிலிருந்து அதைக் குத்தகைக்கு எடுத்து வந்தவர் இந்தத் தம்பிதான்.

"அக்கா, இந்த வருஷமும் நானே பாத்துக்குறேன்" என்றார், என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து.

என் இடது பக்கத்திலிருந்து மனைவி சொன்னாள்: "இந்த வருஷம் குடுக்கலடா. நானே பொறுக்கிக்கப் போறேன்."

"எப்புடிக்கா பொறுக்குவ? காடு பூரா இடுப்பு ஒசரத்துக்குப் புல்லு. கண்ணாடி விரியன் கெடக்குன்னு ஒரு பொம்பள உள்ள கால வைக்காது. கொட்டை பூரா புல்லுக்குள்ளயே கெடந்து மக்கிப் போவும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. முந்திரி பழுத்துத் தானாக விழ வேண்டும். விழுந்த கொட்டையைப் பொறுக்க வேண்டும். தரை தெரியாத காட்டில் விளைந்தும் பயனில்லை. தானாக விழும்வரை காத்திருக்கும் பொறுமை குத்தகைக்காரர்களுக்குக் கிடையாது. மரத்தடியில் படுதாவை விரித்து, கொம்பைப் பிடித்து உலுக்கிவிடுவார்கள். பழமும் பிஞ்சுமாகக் கொட்டும், கொம்பும் ஒடியும். ஒவ்வொரு கோடையிலும் ஒடிந்த கொம்புகளைப் பார்த்துவிட்டு வந்து என் மனைவி இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசமாட்டாள். அந்த மௌனத்தின் நடுவே குடும்பம் நடத்திப் பார்த்தவன் என்பதால்தான் அன்று என் வாய் திறந்திருக்க வேண்டும்.

"புல்லுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு மச்சான்" என்றேன். "உக்காந்துகிட்டே ஓட்டுற புல்வெட்டி. அட்வான்ஸ் குடுத்தாச்சு. மாசிக்குள்ள வந்துரும்."

வரிசையில் பல தலைகள் நிமிர்ந்தன. என் மனைவி நிமிரவில்லை. அப்பளத்தை நொறுக்கினாள். அவள் அதை நொறுக்கிய விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

உண்மையில் அப்படி ஒரு வண்டியை நான் பார்த்தது செல்போனில் மட்டும்தான். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், முற்றத்துப் புல்வெளியில், கையில் குளிர்பானத்தோடு வட்டமடித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் எனக்கும் அந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

விருந்து முடிந்து பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கினோம். பெரம்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மனைவி கேட்டாள்.

"அட்வான்ஸ் எவ்வளோ குடுத்தீங்க?"

"இனிமேத்தான்."

"வண்டி எங்க இருக்கு?"

"தேடணும்."

"சொன்னது சொல்லிட்டீங்க. தேடுங்க. மாசிக்குள்ள வரலன்னா அவன் முன்னாடி போயி கைய நீட்டி நிக்கிறது நான்தான், நீங்க இல்ல."

தேடுவது என் தொழில். பெரம்பலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பவன், எனக்கு ஒரு வண்டியைத் தேடமாட்டேனா என்ற திமிர் இருந்தது. டிராக்டர் ஆகாது, முந்திரிக் கொம்புகள் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து படர்ந்திருக்கும், உள்ளே நுழைந்தால் முதலில் போவது கொம்புதான். தோளில் மாட்டும் புல்வெட்டி மிஷினோடு வந்த இரண்டு பேர் ஒரு நாள் வெட்டினார்கள். மறுநாள் அவர்கள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. களைக்கொல்லி என்று ஆரம்பித்தபோதே மனைவி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். ஆக, கொம்புக்கு அடியில் குனிந்து போகிற வண்டிதான் வேண்டும்.

எவ்வளவு குனிய வேண்டும் என்பதுதான் கேள்வி. அதற்கு நான் கண்டுபிடித்த வழியை இன்றுவரை யாரும் பாராட்டவில்லை. இவ்வகை வண்டிகளின் இருக்கை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் ஸ்டூலும் அதே உயரம். மறு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடும் ஸ்டூலோடும் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் என்னையும் ஸ்டூலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சார், பின்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்றார்.

காட்டில் கழியால் புல்லைத் தட்டிக்கொண்டே போய், மரத்துக்கு மரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தலையில் கொம்பு இடித்தால் இரண்டடி தள்ளிப் போட்டேன். பட்டுப்போன கிளை இடித்தால் மட்டும் மனைவி அரிவாளால் கழித்துவிட்டாள். வண்டிப்பாதையில் சைக்கிளில் போன ஒருவர் நின்று, "சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்று அவளைக் கேட்டார். "வண்டி ஓட்டிப் பாக்குறாரு" என்றாள். அவர் சைக்கிளை வேகமாக மிதித்தார்.

அளவு தெரிந்தபின் திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். குளிரூட்டிய அறையில் வண்டிகள் வரிசையாக நின்றன.

"ரிசார்ட்டுக்கா சார்? காலேஜ் கிரவுண்டுக்கா?" என்று கேட்டார் கடைப் பையன்.

"முந்திரிக்காட்டுக்கு."

அவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு வட்டக் குழியைத் தட்டிக் காட்டினார். "இதுல டம்ளர் வைக்க எடம் இருக்கு சார்" என்றார்.

விலையைச் சொன்னபோது நல்லவேளையாக நான் வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அந்த விலைக்கு ஜெயங்கொண்டத்தில் கார் வாங்கிவிடலாம். அதிலும் டம்ளர் வைக்க இடம் இருக்கும். அடுத்து, இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று கிடைத்தது. பெல்ட் அறுந்தால் என்ன செய்வது என்று போனில் கேட்டேன். "கப்பல்ல வந்துரும் சார்" என்றார்கள். முந்திரி கப்பலுக்குக் காத்திருக்காது.

ஆனால் அந்தக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் விலையைக் கேட்பதை விட்டேன். பிளேடைச் சுழற்றும் பெல்ட்டின் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு, அரியலூரில் மாவு மில்லுக்கும் பம்புசெட்டுக்கும் பெல்ட் விற்கிற கடையில் போய் நின்றேன். மூன்றாவது முறை போனபோது கடைக்காரர் கேட்டார்:

"மாவு மில்லுங்களா சார்?"

"இல்லீங்க, இன்னும் வண்டி வாங்கல."

"வண்டி வாங்கறதுக்கு மின்னாடியே பெல்ட்டு பாக்க வந்த மொத ஆளு நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே, மேலே கொக்கியில் தொங்கிய ஒன்றைக் கழியால் தள்ளிக் காட்டினார். அதே அளவு. எந்த வண்டிக்கு அரியலூர் கொக்கியில் பெல்ட் தொங்குகிறதோ அதுவே நம்பகமான வண்டி. பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டியும் எட்டாத இந்த ஞானம் எனக்குச் சொந்தமாக வந்தது. கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்.

அந்த வண்டி, பழைய ஜெனரேட்டர்களும் இன்ஜின்களும் வாங்கி விற்கிற ஒருவரிடம், அரியலூருக்கு வெளியே சிமெண்ட் லாரிகள் போகிற சாலையில் நின்றது. ஏதோ ஒரு விருந்தினர் மாளிகையில் புல்வெளியை எடுத்துவிட்டுக் கல் பதித்துவிட்டார்களாம்; வண்டிக்கு வேலை போய்விட்டது. சாலைப் புழுதியில் வெளுத்துப் போயிருந்தது.

"கழுவுனா பச்சைக் கலருங்க" என்றார் அவர்.

விலை கட்டுப்படியாகிற விலை. ஆனால் எங்கள் பக்கம் உழவு மாடு வாங்குகிறவர்கள் ஏரில் பூட்டி ஓட்டிப் பார்க்காமல் பணத்தை எடுக்கமாட்டார்கள். நானும் அதையே கேட்டேன். என் காட்டில் அரை நாள் ஓடட்டும், அப்புறம் பேசுவோம்.

"மாடா சார் இது? பல்லையும் புடிச்சுப் பாத்துருங்க."

நான் மண்டியிட்டு, அடியில் கையை விட்டு பிளேடைத் தடவிப் பார்த்தேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

மினி லாரியில் வண்டி வந்து இறங்கியது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஸ்கூட்டரில் மனைவிக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் தள்ளியவன், முதன்முதலாக முன்னால் யாரும் இல்லாத ஒரு வண்டியில் இருந்தேன். சாவியைத் திருப்பினேன். உறுமியது. பிளேடை இறக்கினேன். இடுப்பளவுப் புல் படுத்து, பின்னால் தூளாக வந்தது. அந்த வாசனைக்காகவே இன்னொரு முறை பொய் சொல்லலாம்.

காட்டு முனையில் திரும்பினேன். டப்பென்று நின்றது. மறுபடி கிளப்பினேன். ஒரு சுற்று ஒழுங்காக வந்தது. அதே முனையில் மறுபடியும் நின்றது. விற்பவர் ஏறி ஓட்டினார், நிற்கவில்லை. நான் ஏறினேன், நின்றது. சேதி கேள்விப்பட்டு அதற்குள் குத்தகை மச்சான் பைக்கில் வந்துவிட்டார்.

"அட்வான்ஸ் குடுத்த வண்டி இதானா மாமா?"

நான் சாவியை உருவினேன். இறங்கி, "வேணாங்க, ஏத்திக்கிட்டுப் போயிருங்க" என்று விற்பவரிடம் சொன்னேன். மச்சான் அக்காவைப் பார்த்தார். அவள் கண் வண்டியிலிருந்து என் மேல் நகர்ந்தது.

"இருங்க. இன்னொரு சுத்து ஓட்டுங்க" என்றாள்.

"அதான் நிக்கிதே."

"ஓட்டுங்கன்றேன்."

ஓட்டினேன். காட்டு முனையை நெருங்கினேன். நின்றது.

"நீங்க எந்திரிக்கிறீங்க. அது நிக்கிது" என்று அங்கிருந்தே கத்தினாள்.

காட்டு முனையில், கைத்தடியோடு, அவளுடைய பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர். ஒவ்வொரு முறை அவரைக் கடக்கும்போதும் நான் இருக்கையிலிருந்து அரையடி எழுந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. இருபத்தைந்து வருஷமாக அவரைக் கண்டால் எழுந்து பழகிய உடம்பு, வண்டியில் இருப்பதை மறந்துவிட்டது.

விற்பவர் இருக்கையைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, போன உயிர் வந்தவர் போலச் சிரித்தார். "சுவிட்ச்சு இருக்குங்க! ஆளு கீழ விழுந்துட்டா பிளேடு வெட்டிடக் கூடாதுன்னு வச்சிருக்கான். மரியாதைக்கு எந்திரிப்பாங்கன்னு அவனுக்குத் தெரியாதுல்ல?"

பெரியப்பா மெதுவாக என்னிடம் வந்தார். "மாப்ள, இனிமே என்னயப் பாத்தா எந்திரிக்காதீங்க. மரியாதைய மனசுல வச்சுக்குங்க, சூத்த சீட்டுல வைங்க" என்றார்.

அடுத்த சுற்றில் அவரைக் கடக்கும்போது உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். வண்டி நிற்கவில்லை.

மதியத்துக்குள் நாலில் ஒரு பங்கு காட்டில் தரை தெரிந்தது. பணத்தைக் கொடுத்தேன். அடுத்தடுத்த ஞாயிறுகளில் மிச்சத்தையும் முடித்தேன். சரளையில் ஒருமுறை பெல்ட் அறுந்தது. மறுநாளே அரியலூர் கொக்கியிலிருந்து இன்னொன்று வந்தது. மாசி முடியுமுன் கொம்புகளுக்கு அடியில் செம்மண் பெருக்கிவிட்டாற்போலக் கிடந்தது. ஸ்டூல் போட்டு அளந்த ஒரு மரத்தில்கூட என் தலை இடிக்கவில்லை. பொறுக்கும் பெண்கள் வந்தார்கள். வெறுங்காலோடு உள்ளே நடந்தார்கள். பங்குனியில் முதல் கொட்டைகள் விழுந்த அன்று என் மனைவி மரம் மரமாகப் போய், ஒடியாத கொம்புகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று வீட்டுக்கு வந்து நிறையப் பேசினாள். வாழ்க்கையில் நான் தேர்ந்தெடுத்தவற்றில் எதுவும் இவ்வளவு சரியாக அமைந்ததில்லை என்று எனக்குத் தோன்றியது.

அறுவடை முடிகிற சமயத்தில் மச்சான் வந்தார். காட்டைச் சுற்றி நடந்தார். குனிந்து தரையைப் பார்த்தார். கொட்டை மூட்டைகளைப் பார்த்தார்.

"அக்கா, இனிமே நான் இந்தக் காட்ட குத்தகைக்குக் கேக்கலக்கா" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பிறகு அவர் வண்டியைச் சுற்றி வந்து, என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவளிடமே கேட்டார்: "ஆனா அடுத்த வருஷம் என்னோட காடுங்களுக்கு இந்த வண்டி வாடகைக்கு வருமா? டிரைவரோட?"

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"கூட்டிக்கிட்டுப் போ. மதியம் சோறு போட்டாப் போதும். பேச்சு மட்டும் குடுத்துராத, வேல நின்னுரும்."