கொசு மாப்பிள்ளைகள்

ஜொகூர் மாசாயில் எங்கள் அடுக்குமாடியில் வாசுகியின் குரல் கேட்காமல் பொழுது விடியாது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஹாரன் அடிப்பதே இல்லை. அந்தத் தொண்டை போதும். போன வருஷம் அவள் மகள் லோஷினி டெங்கிக் காய்ச்சலில் விழுந்து, பிழைப்பாளா என்று நாங்களெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் தவித்து நின்றோம். அதிலிருந்து கொசு என்றாலே வாசுகிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான், டெங்கியைக் குறைக்க எங்கள் குடியிருப்பில் ஆண் கொசுக்களைப் பறக்கவிடச் சம்மதம் கேட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது, அவர்களுடைய மலாய்ப் பேச்சைத் தமிழில் சொல்ல அவளே முன்வந்தாள். கூட்டம் கோயில் மண்டபத்தில். ஆய்வகத்தில் வளர்ந்த ஆண் கொசு கடிக்காது. அதோடு இணைகிற பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. விஷயம் இவ்வளவுதான். ‘இணைகிற’ இடத்தில் வாசுகி மாட்டிக்கொண்டாள். முன்வரிசையில் மாமியார், பக்கத்தில் அம்மன் சந்நிதி. ஊரையே அதட்டுகிறவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

“இவங்க கொசு நம்ம கொசுவோட கூட்டாளி ஆயிடும்,” என்று முடித்துவிட்டாள். முட்டைப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டாள்.

குடியிருப்புச் சங்கத் தலைவர் சபாபதி எழுந்தார். “அலமாக்! இருக்கிற கொசு பத்தாதுன்னு கேங்கு வேற சேக்கணுமா?”

மண்டபமே சிரித்தது. சம்மதம் இல்லை என்று கலைந்தது.

“எம் பிள்ளைக்கு வந்தது இன்னொரு பிள்ளைக்கு வந்தா, என் வாய்தான்கா காரணம்,” என்று வாசுகி என்னிடம் அழுதாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருப்பவளா? மறுவாரம் ஆராய்ச்சிக்காரர்களை ஒரு பெட்டிக் கொசுவோடு லிஃப்ட் வாசலுக்கே வரவழைத்தாள். வேலைவிட்டு வந்தவர்கள் கூடினார்கள். முழங்கைவரை பெட்டிக்குள் கையை விட்டாள்.

“பாருங்க, ஒண்ணுகூட கடிக்கல. எல்லாம் மாப்பிள்ளைங்க. நம்மூர்ப் பொண்ணைக் கட்டிக்கும், ஆனா முட்டை பொரிக்காது. வம்சமே கொறஞ்சிடும் லா!”

முதலில் சிரித்தது மாமியார்தான்.

சபாபதியும் கையை விட்டுப் பார்த்தார். “இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“கோயில்ல எப்படிங்க சொல்றது?”

எல்லாரும் சம்மதித்து, கொசுக்களைப் பறக்கவிட்ட காலையில் யாரோ கைப்பேசியில் நாதஸ்வரம் போட்டார்கள். பெட்டியைத் திறக்க வாசுகியைக் கூப்பிட, அவள் லோஷினியை முன்னால் தள்ளினாள். பிள்ளை மூடியைத் திறந்தது. “வாங்க மாப்பிள்ளை, வாங்க!” என்று சபாபதி கும்பிட்டார். எல்லாரும் கைதட்டினோம்.

வாசுகியைத் திரும்பிப் பார்த்தேன். மகளின் தோளைப் பிடித்தபடி நின்றாள். அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.