ஆரஞ்சு வாசம்

இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் என் கணவருக்கு வாசனையே தெரியாமல் போய்விட்டது. பிடித்த வாசனை எதையாவது தினமும் முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். இவருக்குப் பிடித்தது காபி. புதிதாக வறுத்துத் தரும் கடையில் விலை உயர்ந்த காபிக்கொட்டையும், கையால் சுற்றி அரைக்கும் மிஷினும் வாங்கினேன்.

"காத்துப் படாம வச்சுக்குங்க" என்றார் கடைக்காரர். நான் பாக்கெட்டை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். எங்கள் வீட்டில் கெட்டுப்போகக் கூடாத எல்லாமே அங்கேதான் போகும்.

விடிந்ததும் நான் மில் வேலைக்குப் போய்விடுவேன். அல்சர் இருப்பதால் காபியும் குடிப்பதில்லை. அவரே அரைத்து, முகர்ந்து, போட்டுக் குடிப்பார். சாயங்காலம் வந்ததும், "வாசம் வருதுங்களா?" என்று கேட்பேன். முதலில், "கொஞ்சம்" என்றார். மூன்றாவது வாரம், "ஆரஞ்சுப்பழமாட்ட அடிக்குது அம்மணி" என்றார். அன்று சமையலறைக்குள் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து வந்த என் அக்கா, தானே காபி போடுவதாக ஃபிரிட்ஜைத் திறந்தார். "ஏன் அம்மணி, இதென்ன கருவாட்டு நாத்தம்?" என்று பாக்கெட்டை நீட்டினார். அதை ஒட்டியே கருவாட்டுப் பொட்டலம் இருந்தது. நான் வைத்ததுதான். பாக்கெட்டின் மேல் பொடி எழுத்தில், இந்தக் காபியில் வரும் வாசனைகள் ஆரஞ்சு, வெல்லம் என்று அச்சடித்திருந்தது. என் கணவர் அதைப் படித்துத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது கொட்டையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு அலமாரியில் வைக்கிறேன். அவர் இன்னமும் தினமும் அரைத்து முகர்கிறார். வாசம் வருகிறதா என்று நான் கேட்பதில்லை.