அக்கரையிலிருந்து வந்த கைக்கட்டு

அக்கா என் துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டுக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. இடுப்பெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்தவர் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்காரவைத்திருந்தேன். மூன்று குறுக்குத் தையல் போட்டு முடிச்சிட்டார். மீதி நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"என் துண்டு உங்க வீட்டுல எங்கக்கா போயிடப் போகுது?" என்று கேட்டேன்.

"போன பிறகுதான் அது தெரியும் நர்சம்மா," என்றார்.

நான் நர்ஸ் இல்லை. வீட்டோடு இருக்கும் நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவள். அதை அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஊரில் அவருக்குச் சலவைக்கார அக்கா என்று பெயர். இப்போது அவர் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய சலவைக்கடை இருந்தது. இரண்டு சிமெண்டுத் தொட்டிகளும் கரி போடும் இஸ்திரிப் பெட்டியும்தான் முதல். பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போனபோது தம்பி துணிக்கூடைக்குள் தூங்குகிற அளவுதான் இருந்தானாம். அந்தத் தொட்டிகளை வைத்தே அவனை ஆளாக்கினார். ஒருமுறை அக்காவைப் பெண் பார்க்க ஒருவர் வந்தாராம். அவர் கோட்டைக் கழற்றியபோது சட்டையின் முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டிருந்ததை அக்கா கவனித்துவிட்டார். "கோட்டுக்கு உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று அன்றோடு கல்யாணப் பேச்சை மூட்டை கட்டிவிட்டார்.

அவருக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. சோப்புக்காரன் சுண்ணாம்பு கலக்கிறான், தராசுக்கு அடியில் காந்தம் இருக்கிறது, சிரிக்கிற வாடிக்கையாளர் எதையோ மறைக்கிறார். ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் அந்த வீட்டுக்கென்று ஒரு நிற நூலைத் தைத்துவிடுவார். அந்த நூல் இல்லாத துணி தொட்டியில் இறங்காது. டாக்டர் வீட்டிலிருந்து ஒருமுறை நூல் தைக்காத புதுத் தலையணை உறை ஒன்று கலந்து வந்துவிட்டது. அதை அழுக்கோடு மடித்துத் திருப்பி அனுப்பினார். அடுத்த வீட்டுத் துணியைத் தெரியாமல் துவைத்தால்கூடத் திருடி என்ற பட்டம் வரும் என்பது அவர் கணக்கு.

முதல் வாரம் என்னையும் விடவில்லை. மாத்திரை அட்டையை வாங்கி, பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் விழுங்குவார். எனக்கு அதில் வருத்தமில்லை. எல்லா நோயாளிகளும் இப்படி இருந்தால் எங்கள் வேலையில் பாதித் தவறு நடக்காது.

அந்தத் தம்பிதான் பின்னாளில் குத்துச்சண்டை சாம்பியன் ஆனார். பல வருடம் பட்டத்தை வைத்திருந்து, தோற்காமலே கையுறையைக் கழற்றினார். மனைவி இறந்த பிறகு அக்காவோடு வந்து தங்கிவிட்டார். தினமும் காலையில் அக்காவைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். நான் முழங்காலைப் பிடிப்பேன், சாம்பியன் தோளைப் பிடிப்பார். அவர் இல்லையென்றால் அக்காவை முதியோர் இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இல்லத்துக்கு முன்பு அக்கா துணி வெளுத்துக் கொடுத்திருக்கிறார். அங்கே விரிப்புகளில் என்னென்ன கறை இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். என்ன ஆனாலும் அங்கே போகக் கூடாது, தம்பி தன்னை விட்டுப் போய்விடக் கூடாது. அவருக்கு மிச்சமிருந்த பயம் அது ஒன்றுதான்.

சாம்பியனுக்கு ஊரில் ஒரு கெட்ட பெயரும் இருந்தது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிளப்பில் இடக்கையன் என்று ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் அவரோடு மேடையேற எல்லோரும் யோசிப்பார்களாம். சாம்பியன் யார் யாரையோ அடித்தார், இடக்கையனோடு மட்டும் மோதவே இல்லை. "சாம்பியன்தான், ஆனா ஆத்துக்கு இந்தப் பக்கம் மட்டும்," என்று முடிதிருத்தும் கடையில் இன்றைக்கும் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? சாம்பியன் எப்போதும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். அவன் என்னைக் கூப்பிடவே இல்லை என்பார்.

கூப்பிடுவதற்கு இரண்டு கரைக் கிளப்புகளுக்கும் ஒரு முறை இருந்தது. சவால் விடுகிறவர் தன் கையில் சுற்றிப் பழகிய கைக்கட்டுத் துணியை, வியர்வை காயாமல், அப்படியே சுருட்டி எதிராளி வீட்டுக்கு அனுப்புவார். எதிராளி அதை வைத்துக்கொண்டால் சண்டை உறுதி. துவைத்துத் திருப்பி அனுப்பினால் மாட்டேன் என்று பொருள். பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் கழித்து, இக்கரைக் கிளப்பின் செயலாளர் படியேறி வந்தார். சாம்பியனின் படத்தைப் பெரிதாக்கிக் கிளப்பில் மாட்டப் போகிறார்களாம். அதைச் சொன்னவர், நாற்காலி நுனிக்கு நகர்ந்து, இத்தனை வருடம் வாய் திறக்காத இடக்கையன் இப்போது தன் பஞ்சர் கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஏசிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

"கைக்கட்டைத் துவைச்சு அனுப்பினவன் படத்துக்கு நாங்க கை தட்டணுமான்னு கேக்கறாருங்க."

சாம்பியன் சிரித்தார். "நான் எதைத் துவைச்சு அனுப்பினேன்?"

"அவர் அதை இன்னும் வெச்சிருக்காரே. நானே பார்த்தேன். நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, வெள்ளை வெளேர்னு இருக்கு."

அப்போது நான் அக்காவின் குதிகாலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கால்விரல்கள் சட்டென்று மடங்கின. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வலித்தால் சொல்லாமல் இருக்கிறவர் இல்லை அவர். எனக்கு அப்போதே ஏதோ உறுத்தியது. சாம்பியனின் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றும் அறியாதவர் முதலில் கேள்வி கேட்பார், பிறகுதான் சிரிப்பார்.

செயலாளர் போன பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தார்கள். சாம்பியன் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். அக்கா ஜன்னலைப் பார்த்தார். கஞ்சி குடிக்கும்போது இரண்டு முறை கரண்டியை வாயருகே பிடித்தபடி குடிக்க மறந்தார். சாயங்காலம் நான் கிளம்பப் பையை எடுத்தபோது சாம்பியன் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அவன் கைக்கட்டு நம்ம வீட்டுக்கு வந்துச்சா?"

"கடைக்கு எத்தனையோ கட்டு வந்துச்சு. உங்க கிளப்புத் துணி பூரா என்கிட்டதான வந்துச்சு. அழுக்கா வந்ததைத் துவைச்சேன். அதுல அவனுதும் கலந்திருக்கும்."

நாற்காலியில் என் துண்டு கிடந்தது. சாம்பியன் அதன் ஓரத்துச் சிவப்புத் தையலை விரலால் தடவினார்.

"டாக்டர் வீட்டுத் தலையணை உறையவே அழுக்கோட திருப்பி அனுப்பினவ நீ. அக்கரைக்காரன் துணியில உன் நூல் எப்படிக்கா இருக்கும்? நூல் இல்லாத துணியை நீ என்னிக்குத் துவைச்சே?"

நான் பையைக் கீழே வைத்தேன். கிளம்புகிற நேரம்தான், ஆனால் அந்த வயதில் ரத்தக்கொதிப்பு உள்ள இரண்டு பேரை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போவது முறையல்ல.

பிறகு அக்கா சொன்னார். சாம்பியன் பட்டத்தோடு இருந்த ஒரு வருடம், துணி மூட்டையோடு பாலம் தாண்டிப் போய், இடக்கையனின் சண்டை ஒன்றைக் கடைசி வரிசையில் நின்று பார்த்தாராம். அவரிடம் அடி வாங்கியவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர். எழுந்து நடந்துதான் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற மனைவியிடம், நீங்க யாரும்மா என்று கேட்டார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து வெளுப்புக்கு வந்த துணியெல்லாம் கைக்குழந்தை வீட்டுத் துணி மாதிரி இருந்தது. அடுத்த மாதம் சலவைக்கடை வாசலில் காகிதப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பிரித்தால், அன்றைக்கு இடக்கையன் கையில் பார்த்த அதே கைக்கட்டு, வியர்வை காயாமல்.

"ரெண்டு அலசு அலசி, நீலம் போட்டு, பால்காரன்கிட்டக் குடுத்து அனுப்பிட்டேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு தம்பி. பட்டம் போனா இன்னொருத்தன் வாங்கிக்குவான். நீ போனா நான் எந்தக் கடையில போய் வாங்குறது?"

"ஊரே என்னைப் பயந்தாங்கொள்ளின்னுச்சு. நீ இஸ்திரி போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தே."

"ஆமா, கேட்டேன். நீயும்தான கேட்டுக்கிட்டிருந்தே?" அக்காவின் குரல் ஏறவில்லை. "அது பாலமா, கடலாடா? ஒரு நாள் நடந்து போய், ஏன் என்னைக் கூப்பிடலேன்னு அவனைக் கேட்டியா? உன் கட்டு ஒண்ணாவது பாலம் தாண்டிச்சா?"

"சாம்பியன் அனுப்பக் கூடாது. கீழ இருக்கறவன்தான் அனுப்பணும்."

"நல்ல சட்டம். ஒளிஞ்சுக்கறதுக்கு வசதியா இருக்கு."

சாம்பியன் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அறையவில்லை, மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்திருந்தால் எனக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவுக்கு ரத்தக்கொதிப்பு பார்த்தேன். கொஞ்சம் கூடியிருந்தது. கருவியைக் கழற்றிக்கொண்டே, சாம்பியனுக்கு அப்போதே விஷயம் தெரிந்திருக்குமோ என்று கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம்னு இருந்துட்டான். அவன் மூஞ்சியைப் பார்த்தா எனக்குத் தெரியாதா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு அவன் வரலேன்னா நீ ஒருத்தியா என்னைத் தூக்கிடுவியா?"

"முடியாதுக்கா. ஒரு ஆள் வேணும். இல்லேன்னா இல்லம்தான்."

பொய் சொல்லியிருக்கலாம். காலையில் அந்தப் பொய்யும் சேர்ந்து கனக்கும். அக்கா சரி என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் போனபோது வாசலில் சாம்பியனின் செருப்பு இல்லை. அறைக்கதவு திறந்து கிடந்தது, படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அலமாரியைத் திறந்து பார்த்தேன். சட்டைகள் இருந்தன. கிண்ணத்தில் அவர் காலையில் போட வேண்டிய மாத்திரையும் இருந்தது. திரும்பி வருகிறவரும் மாத்திரையை மறந்து போவார், வராமலே போகிறவரும் மறப்பார். இவர் எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா நனைந்த விரிப்பில் கண் விழித்துக் கிடந்தார். பார்வை வாசல் பக்கமே இருந்தது. அவரைப் பக்கவாட்டில் புரட்டி, பழைய விரிப்பைப் பாதி சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டினேன். முதுகைத் துடைத்து உலர்த்தினேன். நாற்காலிக்கு மாற்ற முடியவில்லை. கட்டிலிலேயே நிமிர்த்தி உட்காரவைத்து, யாரையாவது அழைக்கலாமா என்று யோசித்தபோது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

சாம்பியன் உள்ளே வந்தார். நெற்றி வியர்த்திருந்தது. குவளையில் தண்ணீர் எடுத்து நின்றபடியே குடித்தார்.

"எங்கடா போனே?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"நான் செஞ்சதைச் சொன்னியா?"

"இல்ல. நான் வந்து கேக்காம இருந்ததைச் சொன்னேன். பயமா இருந்துச்சுன்னு சொன்னேன்."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை அட்டையைப் பார்க்கிற அதே பார்வை. "அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"டியூபைத் தண்ணியில முக்கிக்கிட்டே இருந்தான். இத்தனை வருஷம் கழிச்சு இதைச் சொல்ல வந்தியான்னான். ஆமான்னேன். படத்தை மாட்டிக்கோ, நான் பார்க்க வர மாட்டேன்னான்."

"அவன் பேச்சை நம்பாதே," என்றார் அக்கா. "வருவான்."

சாம்பியன் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் போய் நின்றார். நான் முழங்காலைப் பிடித்தேன். மூன்று என்றதும் தூக்கினோம். நாற்காலியில் உட்காரவைத்து, அவரவர் மாத்திரையை அவரவரிடம் கொடுத்துவிட்டு, ஈர விரிப்பை ஊறவைக்கப் போனேன்.