ஈயம் வராத பாடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பள்ளிக்கூடம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தகவல் இல்லை. எனக்குப் பிறந்த பெண் சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் ஏரிக்கரைக் குப்பமான பசியாவரத்தில் யாராவது, "உம் பொண்ணு இன்னாதான் படிக்குது?" என்று கேட்டால், "ஈயத்த ஈயத்தோட முட்டவுடுது" என்பேன். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஏரியில் இறால் இல்லை. முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் வற்றாமல் இருந்தது இவள் படிப்பு ஒன்றுதான்.

தீபாவளிக்கு வந்தவளை மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போய், டவரும் செத்தது. அன்றைக்கு அவளுக்கு முறை. எங்கோ வெளிநாட்டில் பூமிக்கடியில் மோதுகிற ஈய அணுக்களைக் கருவி சரியாகப் பிடிக்கிறதா என்று, இங்கிருந்தே காவல் பார்க்க வேண்டும். ஏரியில் எங்களுக்கும் முறை உண்டு. நமக்கு விட்ட நாளில்தான் வலை போடலாம். அந்த முறையைப் பாடு என்போம். அந்த மோதல்கள் போதுமான அளவு சேர்ந்தால்தான் அவள் ஆராய்ச்சி முடியும்.

டவர் தேடி அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏரி நடுவில் ஓரிடத்தில் டவர் கிடைத்தது. தார்ப்பாய்க்கு அடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். படகு ஆடாமல் கழியை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

"முட்டினா இன்னா ஆவும்?"

"உள்ள இருக்கறதெல்லாம் உருகி கொழம்பா ஆயிடும் நைனா. குவார்க்-குளுவான் பிளாஸ்மான்னு பேரு. ஒலகம் பொறந்தப்போ எல்லாமே அந்தக் கொழம்புதான்."

"நீ அத்தக் கண்ணால பாத்துக்கிறியா?"

"பாக்கவே முடியாது. கண்ண மூடறதுக்குள்ள ஆறிடும். செதறி வர்றத வெச்சுதான் எப்டி இருந்துச்சுன்னு கண்டுபுடிக்கணும்."

"உங்கம்மா கொழம்பும் அப்டித்தான். நான் போறதுக்குள்ள காலி. முள்ளப் பாத்துதான் இன்னா மீனுன்னு கண்டுபுடிக்கிறேன்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தவளின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"இன்னாச்சும்மா?"

"ஈயத்த முட்டவுடற எந்திரம் ரிப்பேராம். இனிமே ஈயம் வுட மாட்டாங்களாம்."

"அடுத்த வருசம் வுடட்டும்."

"இதோட மூடிடறாங்க நைனா. பிரிச்சு மாட்டித் தொறக்க வருசக்கணக்காவும். எனக்கு வேண்டியது பாதிகூடச் சேரல. அதுவரைக்கும் என்னை யாரு ஆராய்ச்சில வெச்சுப்பாங்க?"

என் நாக்கு சாவு வீட்டிலேயே சிரிக்க வைத்து அடி வாங்கித் தந்த நாக்கு. "நம்ம வலைல இருக்கற ஈயத்த அவுத்துத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏரியில் குதித்துவிடலாம் போலிருந்தது. அங்கே இடுப்பளவுதான் தண்ணீர். சாகக்கூட எனக்கு ஆழம் போதாது.

"வூட்டுக்குப் போலாமா?"

"முறை முடியல. ஒண்ணும் வரலன்னாலும் பாத்துனு இருக்கணும்."

மீன் வராத பாடு என்றால் நான் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவேன். அவளுக்கு அதற்கும் வழியில்லை.

பக்கத்தில் போன படகிலிருந்து ஒருத்தன், "இன்னாண்ணா, எதுனா பட்டுச்சா?" என்று கத்தினான்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் படல சித்தப்பா" என்றாள் அவள். திரையில் விழுந்த சாரலைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அசையாமல் கிடந்த கோடுகளை மறுபடி பார்க்கத் தொடங்கினாள்.