வில்லனின் பிளாஷ்பேக்கும் என் தம்பியும்

காமிக்ஸ் கதைகளை வைத்து எடுக்கும் படங்களில் வில்லனுக்கு எப்போதிலிருந்து காரணம் தேவைப்பட ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது வில்லன் வருவான், ஊரை அழிப்பான், சிரிப்பான், கடைசியில் அடிவாங்கிச் சாவான். ஏன்டா அழிக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை. இப்போது இடைவேளை முடிந்து உட்கார்ந்தால் திரையில் ஒரு சின்னப் பையன் மழையில் நின்று அழுகிறான். அவன்தான் வில்லன். இனி அவன் பாலத்தை இடித்தாலும் பஸ்ஸைக் கவிழ்த்தாலும் நாம் மூக்கை உறிஞ்ச வேண்டும்.

என் தம்பிக்கு இந்த மாதிரி வில்லன்கள்தான் உயிர். என்னைவிட ஏழு வயது சின்னவன். அவன் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் படித்தபோது நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். காமிக்ஸ் படம் எது வந்தாலும் முதல் ஞாயிறு இருவரும் போவோம். தமிழ் டப்பிங்கில்தான் பார்ப்போம். சேலையூர் வீட்டுக்கு பைக்கில் திரும்பும் வழி முழுக்கச் சண்டை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்துவான்.

“அவன் பக்கமும் நியாயம் இருக்குக்கா!”

“அவன் கொன்னானே, அந்த ஜனங்க பக்கம்?”

“அவங்கல்லாம் சும்மா கூட்டம்க்கா. கேரக்டரே கிடையாது.”

“ஏன், அவங்களுக்கு வீடு வாசல் இல்லையா? ரோட்டைப் பார்த்து ஓட்டு, எருமை.”

வீடு வந்தும் சண்டை ஓயாது. அம்மா தோசைக் கரண்டியோடு வந்து, யாருடா அந்த ஆளு, எந்தத் தெரு என்று கேட்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. பெருங்களத்தூரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் ஏழாவது மாடி. என் கணவரை அவர் என்றே எழுதுகிறேன். அவன் என்று எழுதத்தான் கை வருகிறது, ஆனால் அம்மா படித்தால் வருத்தப்படுவாள். தாம்பரம் அடுத்த ஸ்டேஷன்தான், ஆனாலும் பக்கத்திலேயே வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி என் வேலையை விடச் சொன்னார். விட்டேன். சில வாரம் கழித்து கேஸ் சிலிண்டர் போடுபவர் மணி அடித்தார். கதவைத் திறந்தால் வெளியே இருக்கும் கிரில் கேட்டில் பூட்டு. அந்த ஆள் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாவி கீழ இருக்குண்ணா, அப்புறம் வாங்க” என்று உளறினேன். சாயங்காலம் கேட்டதற்கு, பழக்கதோஷத்தில் பூட்டிவிட்டேன் என்றார். மறுநாளும் பூட்டினார். அப்புறம் பழக்கதோஷம் என்றுகூடச் சொல்லவில்லை. உன் பாதுகாப்புக்குத்தான் என்றார். என்னிடம் சாவி கிடையாது.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்று மாதத்தில் என்ன என்று சொல்வது?

தலைப் பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு தம்பி வந்தான். அன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகிற பஸ்ஸெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றன. அவன் மஞ்சள் கொத்தும் பானையும் ஒரு கட்டுக் கரும்புமாக ஏழாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது வியர்வையில் நனைந்திருந்தான். அன்றும் அவருக்கு ஆபீஸ். கேட்டில் பூட்டு தொங்கியது.

“என்னக்கா, நீ உள்ள இருக்க, பூட்டு வெளியில இருக்கு?”

கம்பி வழியாக மஞ்சள் கொத்தை வாங்கிக்கொண்டேன். பானை நுழையவில்லை. கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் கேட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தான். லிப்டில் ஏறி இறங்கியவர்கள் எல்லாம் சீர்ப் பானையோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக்கொண்டு போனார்கள். மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கும்வரை அசையவில்லை. அவர் வந்து பூட்டைத் திறந்ததும், “கிளம்புக்கா” என்றான். அவ்வளவுதான். கட்டிய புடவையோடு பைக்கில் ஏறினேன். என் தம்பியை நினைத்தால் இன்றைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் முதலில் வருகிறது. அதனால்தான் பின்னால் நடந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மாசி மாதம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து ஹாலில் உட்கார்ந்து அழுதார். ஆறு வயதில் அவருடைய அம்மா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவே இல்லையாம். கதவைப் பார்த்துக்கொண்டே வாசலில் உட்கார்ந்திருந்தாராம். அதனால்தான் பூட்டினேன், நீயும் போய்விடுவாய் என்ற பயம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள். தம்பி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை வைத்தான்.

பூட்டுக்கு உள்ளே நான் பகலெல்லாம் என்ன செய்தேன் என்று அந்த ஹாலில் ஒருவரும் கேட்கவில்லை. தீப்பிடித்தால் எந்த ஜன்னலில் நின்று கத்தினால் கீழே கேட்கும் என்று ஒவ்வொரு ஜன்னலாக நின்று பார்த்திருக்கிறேன். எதில் நின்றாலும் பஸ் ஹாரன்தான் கேட்கும். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டாள்.

அடுத்த வாரம் தம்பி மூன்று டிக்கெட் எடுத்தான். வேறு எந்த வீட்டுத் தம்பிக்கும் இந்த யோசனை வந்திருக்காது. பிரிந்த புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்துவைக்கக் கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள், பெரியவர்களை வைத்துப் பேசுவார்கள். இவன் காமிக்ஸ் படத்துக்குக் கூட்டிப் போனான். படத்தை முதல் நாளே தனியாகப் பார்த்து, வில்லன் சரியான ஆள்தான் என்று உறுதி செய்துகொண்டிருக்கிறான். நகரத்தையே கடலில் மூழ்கடிக்கப் பார்க்கும் வில்லன். அவன் மகளைக் காப்பாற்றாமல் எல்லாரும் விட்டுவிட்டுப் போனார்களாம். என்னை நடுவில் உட்காரவைத்தான். இருட்டில் இந்தப் பக்கம் அவர் விசும்பினார். அந்தப் பக்கம் தம்பி முழங்கையால் இடித்து, “பாருக்கா” என்றான். திரையைச் சொன்னானா, அவரைச் சொன்னானா தெரியாது.

இடைவேளையில் பாத்ரூம் போனேன். வெளியே வந்தால் கதவுக்கு நேரெதிரே சுவரில் சாய்ந்து அவர் நின்றார்.

“இங்க எதுக்கு நிக்கிறீங்க?”

“கூட்டமா இருக்கே, அதான்.”

கூட்டமே இல்லை. துடைப்பத்தோடு ஒரு அக்கா மட்டும் நின்றார். நான் ஹாலுக்குத் திரும்பாமல் படியில் இறங்கிப் போய்விடப் போகிறேனா என்று அவர் கண் படிக்கட்டுக்கும் எனக்கும் நடுவே அலைந்தது. அழுத கண். அது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.

படம் முடிந்து பார்க்கிங்கில் தம்பியிடம் சொன்னேன்.

“நான் போகலடா.”

“என்னக்கா நீ? இனிமே பூட்ட மாட்டேங்கறாரு.”

“பாத்ரூம் வாசல்ல வந்து நிக்கிறாருடா.”

“அக்கறைக்கா அது! அந்த மனுஷன் என்னல்லாம் பட்டிருக்காரு. உனக்குக் கொஞ்சம்கூட இரக்கமே இல்லையா?”

“இருக்கு. அதுக்கு நான் போய் அங்க உட்காரணுமா?”

“நீ எப்பவுமே இப்படித்தான். கெட்டவன்னா கெட்டவன். யோசிக்கவே மாட்ட.”

“பூட்டை நீதானடா பார்த்த?”

பைக்கை உதைத்துக் கிளப்பினான். அந்தப் பாதையில் நாங்கள் சண்டை போடாமல் வந்தது அன்றுதான்.

நான் திரும்பிப் போகவில்லை. பழைய இடத்திலேயே வேலை கொடுத்தார்கள். கேம்ப் ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் இருக்கிறேன். விவாகரத்தும் ஆகிவிட்டது. இதில் எதற்காகவும் எனக்கு வருத்தமில்லை. தம்பிதான் வருத்தம். அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா, கரண்ட் பில் கட்டினாயா என்ற அளவில்தான் இப்போது பேச்சு. அவன் அவரோடு நெருக்கத்தை விடவில்லை. இன்னமும் மாமா என்றே கூப்பிடுகிறான். தனியாக இருக்கிறார், பாவம் என்று அம்மாவிடம் சொல்கிறான். பாவம்தான். நான் எப்போது இல்லை என்றேன்?

போன மாதம் ஒரு காமிக்ஸ் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். வில்லனுக்குக் காரணமே இல்லை. கெட்டவன், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த ரகம். இடைவேளை விளக்குப் போட்டதும் நாலு வரிசை முன்னால் தம்பியின் தலை தெரிந்தது. பக்கத்தில் அவர். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இருக்கிற தியேட்டரே கொஞ்சம்தான், என்றைக்காவது மாட்டத்தான் செய்வோம். தம்பி பாப்கார்ன் வாங்க எழுந்து திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டான். வரிசைக்குள் நுழைந்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

“தனியாவா வந்த?”

“ஆமா.”

“வில்லன் மொக்கைல்ல?”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

சிரிக்க வந்தவன் அடக்கிக்கொண்டான். என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதன் முதுகில் கை வைத்தான். உட்காருடா என்ற வார்த்தை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

“அங்க வந்து உட்காரேன்க்கா. மாமா ஒண்ணும் நினைக்க மாட்டாரு.”

“நீ போடா.”

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பின்னால் ஒருவர், “தம்பி, உட்காருப்பா, மறைக்குது” என்றார். குனிந்துகொண்டே நாலு வரிசை இறங்கிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.